கூட்டம் வரை கூட வருவது யார்?

குடியை நிறுத்த நினைக்கும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவி பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுகிறது. பத்து நாளோ இருபது நாளோ உள்ளே வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, உதறலை அடக்கி, வைட்டமின் ஊசி போட்டு, உடம்பைத் தேற்றி அனுப்புகிறார்கள். கிளம்பும்போது மாத்திரைச் சீட்டோடு சேர்த்து, "ஏ.ஏ. கூட்டத்துக்கும் போய் வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். எந்தக் கூட்டம், எங்கே, எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது, உள்ளே என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்த வார்த்தையில் இருக்காது. வீடு திரும்பியவர் போவதில்லை. இரண்டு மாதத்தில் மறுபடியும் குடிக்கத் தொடங்குகிறார். "எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு, இவர் திருந்த மாட்டார்" என்று குடும்பம் கைகழுவுகிறது. ஆனால் அந்த 'எல்லாம்' என்பதில் ஒன்று மட்டும் செய்யப்படவே இல்லை. ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற ஆதரவுக் கூட்டங்கள் பலன் தருமா, தராதா என்று பல பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் தள்ளி நிற்பது தெரியும். கூட்டத்துக்குப் போகச் சொல்வதோடு நிறுத்தினார்களா, கொண்டுபோய்ச் சேர்த்தார்களா என்பதே அந்தக் கேள்வி. இரண்டுக்கும் உள்ள தூரத்தில்தான் பெரும்பாலானோர் தொலைந்துபோகிறார்கள்.

தொலைந்துபோகிறவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். உதவி தேவைப்படும் அளவுக்குக் குடிப்பவர்கள் ஏறத்தாழ 5.7 கோடி. அவர்களிலும் மது இல்லாமல் இருக்கவே முடியாத நிலைக்குப் போய்விட்டவர்கள் 2.9 கோடி. இப்படி மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது. போட்டாலும் பத்துநாள் படுக்கையில் தீரும் நோய் அல்ல இது. சர்க்கரை நோயைப் போல வருடக்கணக்கில், பலருக்கு வாழ்நாள் முழுக்கக் கவனிப்புக் கேட்கிற நோய். கட்டணம் இல்லாமல், வருடக்கணக்கில், வீட்டுக்கு எட்டும் தூரத்தில் தொடரக்கூடிய உதவி என்று பார்த்தால் ஆதரவுக் கூட்டங்களைத் தவிர நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே அவை பலன் தருமா என்பதைக் கவனமாகப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்தக் கூட்டங்களின் தொடக்கமே ஒரு தேடலில்தான் இருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம். வியாபார விஷயமாக நியூயார்க்கிலிருந்து வந்து தோற்றுப்போன பங்குத் தரகர் பில் வில்சன் ஒரு ஹோட்டலின் கூடத்தில் நிற்கிறார். அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே மதுக்கூடம். அதற்குள் போகாமல், அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரைத் தொலைபேசியில் அழைத்தார். தன்னைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பு கைமாறிக் கைமாறி ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போனது. அவர் தன் வீட்டில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரை வில்சனோடு சந்திக்க வைத்தார். கால் மணி நேரம் என்று ஒப்புக்கொண்டு வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று குறிக்கப்படும் ஜூன் 10, இயக்கத்தின் பிறந்தநாள் ஆனது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டதைத்தான் வியப்பார்கள். அந்த இருவரையும் கொண்டுவந்து சேர்த்த மூன்றாம் மனிதர்கள் குடிநோயாளிகள் அல்லர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சந்திப்பு நடந்திருக்காது. இயக்கத்தின் பெயரைத் தாங்கிய புத்தகம் 1939-ல் வந்தது. குடும்பத்தினருக்கான அல்-அனான் 1951-ல் தோன்றியது. இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-ல் வந்து சேர்ந்தது.

கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததே பலரைத் தடுக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது. பள்ளி வகுப்பறை, தேவாலயத்தின் பக்கவாட்டுக் கூடம், மருத்துவமனையின் ஓர் அறை என்று இரவல் இடத்தில், பெரும்பாலும் மாலையில், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். பத்து இருபது நாற்காலிகள். பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். ஒருவர் தொடக்க வாசகத்தைப் படிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிப் பேசத் தொடங்குவார். குடித்த காலத்தில் என்ன ஆனது, எப்படி நிறுத்தினார், இந்த வாரம் எந்த இடத்தில் கை நீண்டது, எப்படித் தப்பித்தார் என்று பேச்சு போகும். பேசுகிறவரை யாரும் குறுக்கிடக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். நடுவில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். அது வாடகைக்கும் தேநீருக்கும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது 1950-ல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. குடியை நிறுத்தும் விருப்பத்தைத் தவிர உறுப்பினராக வேறு தகுதி வேண்டாம் என்பது இன்னொன்று. குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்ளும் மூடிய கூட்டமும் உண்டு, குடும்பத்தாரும் மாணவரும் யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமும் உண்டு. முதல்முறை மனைவியோ அண்ணனோ கூட வர வேண்டுமென்றால் திறந்த கூட்டம் எது என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் போதும். கூட்டம் முடிந்தபின் வாசலில் தேநீர்க் குவளையோடு நடக்கும் பேச்சுக்கு உள்ளே நடந்ததைவிடக் குறைவில்லாத மதிப்பு உண்டு. புதியவருக்குத் தொலைபேசி எண் கிடைப்பது அங்கேதான். ஸ்பான்சர் என்று அழைக்கப்படும் மூத்த துணை அமைவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இதற்கெல்லாம் பலன் உண்டா? நெடுங்காலம் மருத்துவ உலகம் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதுவரை நடந்த சோதனைகள் ஏ.ஏ. வழிமுறையின் பலனை ஐயமின்றி நிறுவவில்லை என்று சொன்னது. இன்றும் பலர் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் 2020-ல் அதே அமைப்பு, ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர் செய்த புதிய தொகுப்பை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். 2006-ஐவிடத் தரமான சோதனைகள் பல இடையில் வந்திருந்தன. முறைப்படி எழுதிவைத்த திட்டத்தின் கீழ் ஏ.ஏ.வுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு. அறிதிறன் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்றச் சிகிச்சைகள் பெற்றவர்களில் அது 35 விழுக்காடு. குடிக்கும் அளவு, குடியால் வரும் கேடுகள் ஆகியவற்றில் மற்றச் சிகிச்சைகளுக்குச் சமமாகவே இருந்தது. செலவை அளந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, இந்த வழியில் மருத்துவச் செலவு மிச்சமாவதைக் காட்டின. இலவசமாக நடக்கும் கூட்டம், பட்டம் பெற்ற நிபுணர்கள் கட்டணம் வாங்கித் தரும் சிகிச்சைக்கு ஈடாக நிற்பதே பெரிய செய்தி. முழுமையாக விடுவதில் அதைத் தாண்டியும் போகிறது.

ஆனால் இந்த முடிவைப் படிக்கும்போது பலர் தாண்டிப் போய்விடும் ஓர் உண்மை இருக்கிறது. இந்தச் சோதனைகள் ஏ.ஏ. கூட்டத்தை நேரடியாகச் சோதிக்கவில்லை. பெயரே கேட்காத கூட்டத்தில் குலுக்கல் முறையில் ஆள் பிரித்துச் சோதிப்பது எப்படி? அவை சோதித்தது, ஒரு சிகிச்சையாளர் நோயாளியை முறைப்படி தயார்செய்து கூட்டத்துக்கு அனுப்பும் செயலை. 1997-ல் முடிவுகள் வெளியான மேட்ச் ஆய்வு 1,726 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்தது, இத்துறையின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று. அதில் இந்த முறைக்கு 12 வாரச் சந்திப்புகள். போன வாரம் எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள், யாரிடம் பேசினீர்கள், எது பிடிக்கவில்லை, ஸ்பான்சர் கிடைத்தாரா என்று வாரா வாரம் உட்கார்ந்து பேசுவார்கள். 42 விழுக்காடு என்ற எண் இப்படிப்பட்ட கவனிப்பின் பலன். போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையின் பலன் என்று அதைப் படிக்கக் கூடாது. நம் மருத்துவமனைகளில் அந்த எண்ணைக் காட்டி, "ஏ.ஏ. போங்க" என்று சொல்லி அனுப்பினால் நாம் பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு முழுப் பலனை எதிர்பார்க்கிறோம்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்ப்பது போலக் காட்டும் ஒரு சிறிய ஆய்வு உண்டு. 1981-ல் சிஸ்ஸன், மல்லம்ஸ் என்ற இருவர் 20 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல ஏ.ஏ. பற்றிய விவரம், நேரம், இடம், போய்வருமாறு அறிவுரை. இன்னொரு பாதிக்கு, ஆலோசகர் நோயாளி எதிரிலேயே தொலைபேசியை எடுத்து ஓர் ஏ.ஏ. உறுப்பினரை அழைத்தார். நோயாளியிடம் பேசக் கொடுத்தார். அந்த உறுப்பினர், கூட்டத்தன்று தானே வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். கூட்டத்துக்கு முன் மறுபடியும் நினைவூட்டினார். முதல் பாதியில் ஒருவர்கூடக் கூட்டத்துக்குப் போகவில்லை. இரண்டாம் பாதியில் எல்லோரும் போனார்கள். இருபது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான், அதை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் 2006-ல் கிறிஸ்டீன் டிம்கோ குழு அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான சிகிச்சையில் 345 பேரை வைத்து ஏறக்குறைய இதே யோசனையைச் சோதித்தது. தன்னார்வலரோடு இணைத்துவிட்டு, போனார்களா என்று அடுத்தடுத்த சந்திப்புகளில் விசாரிக்கப்பட்டவர்கள் கூடுதலாகக் கலந்துகொண்டார்கள், குடியின் பிடியிலிருந்தும் கூடுதலாக விடுபட்டார்கள். நார்வேயில், போதை நீக்கப் பிரிவில் இருப்பவர்களிடம் ஊக்கமளித்துப் பேசி அனுப்பிய ஆய்விலும் பங்கேற்பு கூடியது. ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு துணை, ஒரு நினைவூட்டல்: இதைவிட மலிவான சிகிச்சை மருத்துவத்தில் அரிது. நம் ஊரில் இது வழக்கமாகச் செய்யப்படுவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் வரும். திருந்த வேண்டும் என்று ஏற்கெனவே முடிவெடுத்தவர்தான் கூட்டத்துக்குப் போகிறார், அவர் போகாவிட்டாலும் குடியை விட்டிருப்பார், புகழை மட்டும் கூட்டம் தட்டிச்செல்கிறது என்பார்கள். இது புறந்தள்ள முடியாத கேள்வி. கூட்டத்துக்குப் போகிறவர்களையும் போகாதவர்களையும் வெறுமனே ஒப்பிட்ட பழைய ஆய்வுகள் எல்லாம் இதன்முன் தடுமாறும். இதற்காகவே ஹம்ஃப்ரீஸும் அவருடைய சகாக்களும் 2014-ல் குலுக்கல் முறைச் சோதனைகளின் தரவை வேறு கோணத்தில் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் எந்தக் குழுவில் விழுகிறார் என்பது குலுக்கல், அதில் அவருடைய மன உறுதிக்குப் பங்கு இல்லை. ஆகவே அந்தக் குலுக்கலின் காரணமாக மட்டும் கூடிய கூட்டப் பங்கேற்பைத் தனியாகப் பிரித்து, அது குடிக்காத நாட்களைக் கூட்டியதா என்று பார்த்தார்கள். கூட்டியது. ஆறு தரவுத் தொகுதிகளில் ஒன்றில் மட்டும் கூட்டவில்லை, அது முன்பே நிறையக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் தொகுதி. ஏற்கெனவே போகிறவரை மேலும் போகச் சொல்வதில் லாபம் இல்லை. போகாதவரைப் போக வைப்பதில்தான் லாபம். மன உறுதி உள்ளவருக்கு மட்டுமே கூட்டம் உதவும் என்ற வாதத்துக்கு இது நேரான பதில்.

ஏன் உதவுகிறது என்பதிலும் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. கெல்லியின் ஆய்வுகள், கூட்டத்தின் பலனில் பெரும் பங்கு நண்பர் வட்டம் மாறுவதால் வருகிறது என்கின்றன. குடிக்கும் சூழலில் குடிக்காமல் இருக்க முடியும் என்ற நம்பிக்கை வளர்வது அடுத்தது. ஆன்மிகம் கூடுவது நோய் முற்றியவர்களிடம் ஓரளவு பங்கு வகிக்கிறது. மார்க் லிட் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய வட்டத்தில் குடிக்காத ஒரே ஒருவர் கூடுதலாகச் சேர்ந்தால், அடுத்த ஆண்டு அவர் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு உயர்ந்தது. தமிழ்நாட்டின் குடியை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இங்கே குடிப்பது பெரும்பாலும் சேர்ந்து குடிப்பது. வேலை முடிந்து கூலி கைக்கு வரும் நேரமும் கடை பரபரப்பாகும் நேரமும் ஒன்று. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் டாஸ்மாக் வாசலில் பங்கு போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கும் வட்டம்தான் பல ஆண்களின் ஒரே நட்பு வட்டம். குடியை விடச் சொல்வது அவர்களை அந்த ஒரே வட்டத்தையும் விடச் சொல்வது. மாலை ஏழு மணிக்கு அவருக்குப் போக வேறு இடம் வேண்டாமா?

வேறு இடம் கிடைத்தால் நம் ஆட்களால் விட முடியும் என்பதற்கு ஆண்டுதோறும் கார்த்திகையில் சான்று கிடைக்கிறது. நாள் தவறாமல் குடித்தவர் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் சொட்டுத் தொடாமல் இருக்கிறார். அவரைச் சாமி என்று அழைக்கிறார்கள், குருசாமி இருக்கிறார், மாலையில் பஜனை இருக்கிறது, குடிக்காத ஒரு கூட்டம் அவரைச் சூழ்ந்திருக்கிறது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைகிறது. சிலர் அன்றே கடைக்குப் போகிறார்கள். பக்தி குறைந்துவிட்டது என்று இதைப் பழிப்பதில் பயனில்லை. தாங்கிப் பிடித்த கூட்டமும் ஒழுங்கும் ஒரே நாளில் போய்விட்டன என்பதே நடந்தது. ஏ.ஏ. போன்ற கூட்டங்களுக்கு மாலை கழற்றும் நாள் இல்லை என்பதுதான் அவற்றின் தனிப் பயன். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்ற கணக்கை முடிவே இல்லாமல் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். (உதறல் வரும் அளவுக்குக் குடிப்பவர் மருத்துவரைப் பார்க்காமல் மாலை போட்டு நிறுத்துவது ஆபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.)

அடுத்த ஆட்சேபம், இது மதம் என்பது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், மன்றாட்டு வருகிறது. இயக்கம் கிறிஸ்தவப் பின்னணி கொண்ட ஆக்ஸ்போர்டு குழுவிலிருந்து பிரிந்து வந்தது. அமெரிக்காவிலேயே, சிறைக் கைதிகளை ஏ.ஏ.வுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்புவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நடைமுறையில் படிகள் சொல்லும் கடவுள் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பதால், குலதெய்வத்தை வைத்துக்கொள்கிறவரும் அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாகக் கொள்ளும் நாத்திகரும் ஒரே வரிசையில் உட்கார முடிகிறது. அதுவும் பிடிக்காதவர்களுக்கு மேலைநாடுகளில் மாற்று அமைப்புகள் உண்டு. 1975-ல் ஜீன் கிர்க்பாட்ரிக் பெண்களுக்கெனத் தொடங்கிய 'விமன் ஃபார் சொபரைட்டி', 1994-ல் தோன்றிய 'ஸ்மார்ட் ரெக்கவரி', 'லைஃப்ரிங்' போன்றவை. சாரா ஜெமோர் குழு 2018-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், முழுமையாக விடும் நோக்கம் ஒன்றாக இருந்தபோது இவை பன்னிரண்டு படி வழிக்குப் பின்தங்கவில்லை. பலன் தரும் பொருள் படிகளில் மட்டும் இல்லை, தொடர்ந்து கூடுவதிலும் இருக்கிறது என்று இதை வாசிக்கலாம். தமிழில் இத்தகைய மாற்றுக் குழுக்கள் போதிய அளவில் வளரவில்லை. பகுத்தறிவு மரபு இவ்வளவு வேர்விட்ட மாநிலத்தில் அது ஒரு குறைதான்.

கூட்டத்தை நம்புகிறவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. மருந்தே வேண்டாம், கூட்டம் போதும் என்பது. இது உயிருக்கு ஆபத்து. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிதற்றலும் இல்லாதது தெரிவதும் காய்ச்சலுமாக உயிரே போகலாம். காலையில் கை நடுங்குகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அமெரிக்கத் தொழிலாளர்கள் 227 பேரை வைத்து 1991-ல் வெளியான வால்ஷ் குழுவின் ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. உள்நோயாளிச் சிகிச்சை இல்லாமல் கட்டாயமாக ஏ.ஏ.வுக்கு மட்டும் அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் பின்னர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. முதலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் அது 23 விழுக்காடு. கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல, அதற்குப் பிறகு வருவது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்குப் போகலாம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உறுப்பினர் எவராவது இருந்தால் அது அவருடைய சொந்தக் கருத்து. மருத்துவர் வேலையை உறுப்பினர்கள் செய்யக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் நிலை.

நம் மண்ணுக்கு இது ஒத்துவருமா என்ற கேள்விக்கு வருவோம். பெயர் சொல்லாமல் இருக்க நகரத்தில் முடியும், கிராமத்தில் யார் குடிக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். எந்தத் தெருவில் கூட்டம் நடக்கிறது என்பதே யார் உள்ளே வருவார் என்பதைத் தீர்மானிக்கும் ஊர்களும் நம்மிடம் உண்டு. இந்தச் சிக்கலுக்கு ஒரு தமிழ்ப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையம், மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவதற்குக் காத்திராமல் 1989-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. சிகிச்சை அவர்கள் ஊரிலேயே, ஊரார் ஒத்துழைப்போடு நடந்தது. தொடர் கவனிப்பும் அங்கேயே. இந்த அனுபவத்தை 1994-ல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச இதழ் வெளியிட்டது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் மறைப்பதைவிட, ஊரையே துணையாக்குவது எளிது என்பதே அதில் நான் காணும் பாடம். இருந்தும் வெளியூர்க் கூட்டத்துக்குப் போக விரும்புகிறவருக்குப் பேருந்துச் செலவும் அரைநாள் கூலியும் தடை. கோவிட் ஊரடங்குக்குப் பின் பரவிய இணையவழிக் கூட்டங்கள் அந்தத் தடையை ஓரளவு தளர்த்தியிருக்கின்றன.

பெண்களின் நிலை இன்னும் கடினம். 2019 கணக்கெடுப்பில் மது அருந்தும் ஆண்கள் 27.3 விழுக்காடு, பெண்கள் 1.6 விழுக்காடு. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே கூட்டம் முழுக்க ஆண்களாக இருக்கிறது. அந்த அறைக்குள் தனியாக நுழைய ஒரு பெண்ணால் எளிதில் முடியாது. பெண்களுக்கான தனிக் கூட்டமும் இணையக் கூட்டமும் இங்கே கட்டாயத் தேவை. குடிப்பவரின் மனைவிக்கு உள்ள அல்-அனான் பற்றி ஒரு தெளிவு வேண்டும். அங்கே போனால் கணவர் திருந்துவார் என்று சொல்லி அனுப்புகிறார்கள், அது தவறு. 1999-ல் வெளியான மில்லர், மேயர்ஸ், டோனிகன் ஆய்வில், குடும்பத்தாருக்கு நடைமுறைப் பயிற்சி தரும் கிராஃப்ட் என்ற முறை, சிகிச்சைக்கு மறுத்தவர்களில் 64 விழுக்காட்டினரைச் சிகிச்சைக்கு வரவைத்தது. அல்-அனான் வழியில் அது 13 விழுக்காடு. ஆனால் அல்-அனான் அந்த நோக்கத்துக்காக உருவானதே இல்லை. மனைவி தன் உயிரையும் நிம்மதியையும் மீட்டுக்கொள்ள ஓர் இடம் அது. அவர் அங்கே தன் பொருட்டுப் போக வேண்டும். கணவரை அழைத்துவர வேண்டும் என்றால் பேச்சு நடத்தும் முறையைக் கற்றுத்தரும் ஆலோசகர் வேண்டும், அதற்கான பயிற்சி நம் மாவட்ட மருத்துவமனைகளில் வர வேண்டும்.

கடைசியாக, பெரிய ஆட்சேபம். மாநில அரசே 2003 முதல் டாஸ்மாக் வழியாகச் சில்லறையில் மது விற்கிறது, ஏறத்தாழ 4,800 கடைகள், ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். இந்த நிலையில் தனிமனிதனை அறைக்குள் உட்காரவைத்துத் தன் குறையைப் பேசச் சொல்வது, குற்றத்தை இடம் மாற்றுவதில்லையா? இந்தக் கோபம் நியாயமானது. கடைகளைக் குறைப்பதும் விற்பனை நேரத்தைக் குறைப்பதும் தனியாகப் போராட வேண்டிய விஷயங்கள், ஏ.ஏ. தன் மரபுப்படி அதில் கருத்துச் சொல்லாது, நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் கடைகள் மூடும்வரை இன்று குடித்துக்கொண்டிருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. விற்கிற அரசு, விட நினைப்பவருக்கு வழியும் காட்டக் கடமைப்பட்டது. 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருப்பது நல்ல அடி. அந்த மையங்களில் வாரம் ஓர் அறையை மாலையில் ஆதரவுக் குழுக்களுக்குத் திறந்துவிடுவதும், நோயாளி படுக்கையில் இருக்கும்போதே குழு உறுப்பினர் ஒருவரை அறிமுகம் செய்வதும், வீட்டுக்குப் போன பின் மூன்று மாதம் வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பதும் புதிய கட்டடம் கேட்கும் வேலைகள் அல்ல. ஒரு செவிலியரோ சமூகப் பணியாளரோ போதும்.

வீட்டில் குடிநோயாளி இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் கேட்கும், அடைத்துவைக்கும், அடிக்கும் இடம் எதுவும் ஆதரவுக் குழு அல்ல. தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் நம்புங்கள், வேறு கூட்டத்துக்கு அழைத்துப்போங்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி, நாலைந்தைப் பார்த்தால்தான் தனக்கானது தெரியும். நடுவில் சறுக்கிக் குடித்துவிட்டால், குடித்த மறுநாளே கூட்டத்துக்குப் போகலாம், அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அங்கே இருப்பவர்களில் சறுக்காதவர் அபூர்வம். நேரத்தையும் இடத்தையும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். குழுவின் ஒருவரோடு அவரைப் பேச வையுங்கள், முதல் சில வாரம் வாசல் வரை கூடப் போங்கள், திரும்பும் நேரத்துக்கு வாசலில் இருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104. மூன்றும் கட்டணமில்லாதவை.